ஆர்.சி.யில் ஒரு வண்டி, கையில் வேறு வண்டி: ரெப்ளிகா ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி நான் பட்டது

ரெப்ளிகா கார் வாங்கலாமா, கிட் கார் கட்டலாமா என்று இப்போதெல்லாம் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். என்னிடம் அப்படி ஒரு வண்டி இருப்பது திருப்பூர், அவிநாசி வட்டாரத்தில் கொஞ்சம் பேருக்குத் தெரியும். கடைசியாகக் கேட்டது என் சித்தப்பா மகன். கரூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காரின் உருவத்தில் செய்த பாடி கிடக்கிறதாம், ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கொடுத்தால் ஒதுக்கி வைப்பார்களாம். "போட்டுடலாமுங்களாண்ணா?" என்றான். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை இது. நான் வாங்கியபோது கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைக்கவில்லை, தெரிந்தவர்களும் வாய் திறக்கவில்லை. வண்டிக்கு 4.5 லட்சம், அதற்கு மேல் 3 லட்சம், நடுவில் வருஷக்கணக்கில் அலைச்சல். கடைசியில் அதை ரோட்டில் ஓட்டவே கூடாது என்று ஆனது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டிக்கொள்வது கிட் கார். கைக்கு எட்டாத ஒரு பழைய காரின் உருவத்தில் புதிதாகக் கட்டுவது ரெப்ளிகா. பல வண்டிகள் இரண்டுமாகவே இருக்கும். இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனி 1957ல் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தபோது அதைப் பாகங்களாகவும் விற்றது. முழுக் காராக வாங்கினால் விற்பனை வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் கிடையாது. 1973ல் அங்கே வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதே வருஷம் கேட்டர்ஹாம் கம்பெனி செவனைத் தயாரிக்கும் உரிமையை வாங்கி இன்றைக்கும் கட்டிக்கொண்டிருக்கிறது. கோப்ரா கதை வேறு. 1962ல் அமெரிக்காக்காரர் கரோல் ஷெல்பி ஒரு இங்கிலாந்து காருக்குள் ஃபோர்டு வி8 இன்ஜினை இறக்கி உண்டாக்கியது அது. ஒரிஜினல் சுமார் ஆயிரம்தான் வந்தன. ரெப்ளிகா அதைப் போலப் பல மடங்கு உலகமெங்கும் ஓடுகிறது. போர்ஷே 550 ஸ்பைடர் என்ற காரோ மொத்தமே சுமார் தொண்ணூறுதான் செய்தார்கள். அதையெல்லாம் ஒரிஜினலாக வாங்க நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? ஆசைப்பட்டவன் ரெப்ளிகாவிடம்தான் வருவான், அதில் தப்பே இல்லை.

அதிலும் நம் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். கோயமுத்தூர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார் கட்டிக் காட்டிய ஊர் இது. 1995ல் விமான விபத்தில் அவர் போய்ச் சேர்ந்தாலும், செட்டிபாளையத்தில் அவர் பெயரில் 2.1 கிலோமீட்டர் ரேஸ் டிராக் நிற்கிறது. 2005ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். கணபதி, பீளமேடு பக்கம் போனால் எந்தப் பாகத்தையும் லேத்தில் கடைந்து கொடுக்க ஆள் உண்டு. கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களிடம் ஃபைபர் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின், வெல்டிங், ஃபைபர் எல்லாம் ஒரு நாள் ஓட்டத்தில் கிடைக்கும். 'நம்மால் முடியாதா' என்று தோன்றுவது இயல்பு. எனக்கு நிட்டிங் யூனிட். இருபது வருஷமாக மிஷின் சத்தத்தோடு வாழ்கிறவன். சத்தத்தை வைத்தே எந்த மிஷினில் ஊசி போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான் வாங்கியது செவன் உருவத்து வண்டி, 2019 நடுவில். கோயமுத்தூரில் ஒருவர் கட்டி, கொஞ்ச காலம் ஓட்டி, விற்பனைக்கு வைத்திருந்தார். சதுரக் குழாயில் வெல்டிங் செய்த ஃபிரேம், மாருதி ஜிப்ஸி ஜீப்பின் 1.3 லிட்டர் இன்ஜின், ஜிப்ஸி கியர் பாக்ஸ், பின்னால் ஜிப்ஸி ஆக்சில், முன்னால் மாருதி எஸ்டீம் காரின் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிரேக் டிஸ்க்கும். மூக்கும் மட்கார்டும் ஃபைபர், பக்கங்கள் அலுமினியத் தகடு. கதவு இல்லை, கூரை இல்லை. சீட்டில் உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டால் தரையைத் தொடலாம்.

அதை முதல் தடவை ஓட்டியபோது எனக்கு என்ன ஆயிற்று என்பதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். விடியற்காலையில் பல்லடம் ரோட்டில் போனோம். வேகம் 70தான். ஆனால் முன் சக்கரம் இரண்டும் கண்ணுக்கு எதிரே ஆடுகிறது, எஞ்சின் சூடு முழங்காலில் அடிக்கிறது, ஸ்டியரிங்கை ஒரு விரல் அசைத்தால் மூக்கு அங்கே போய் நிற்கிறது. பவர் ஸ்டியரிங் இல்லை, ஏ.சி. இல்லை, கண்ணாடி ஏற்றி இறக்குகிற வேலை இல்லை. பெரிய கார் 140ல் தராத சந்தோஷத்தை இது 70ல் கொடுத்தது. டீக்கடையில் நிறுத்தினால் ஒரு பெரியவர் சுற்றிச் சுற்றி வந்து, "ஏனுங் தம்பி, இது வெசையாப் போகுமுங்களா?" என்று கேட்டார். இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. அன்றே மீதிப் பணத்தைக் கொடுத்தேன். அந்தச் சந்தோஷம் பொய் இல்லை. இன்றைக்கும் அந்த வண்டியில் எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் விற்கிறவருக்கும் அது தெரியும். அதனால்தான் பேப்பரைக் காட்டுவதற்கு முன்னால் ஓட்டக் கொடுக்கிறார்கள். நீங்கள் போனால் முதலில் பேப்பர், அப்புறம் வண்டிக்கு அடியில், கடைசியில்தான் சாவி. இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்.

ஒரு மாதம் போனதும் குறைகள் வெளியே வந்தன. காங்கேயம் ரோட்டில் ஒரு பாலத்து இணைப்பில் ஏறி இறங்கியபோது, நான் ஸ்டியரிங்கை அசைக்காமலே, மூக்கணாங்கயிற்றைச் சுண்டிய காளை தலையை வெட்டுவதுபோல வண்டி வலப்பக்கம் வெட்டியது. எதிரே லாரி. எப்படித் திருப்பினேன் என்று இன்றும் தெரியாது. ஓரத்தில் நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வீல் அலைன்மெண்ட் போகவில்லை என்று மூன்று கடைகளில் சொன்னார்கள். வண்டி நிற்கும்போது அலைன்மெண்ட் சரிதான். சக்கரம் மேலே ஏறும்போதுதான் கோளாறு. சக்கரம் ஏறி இறங்கும்போது, சக்கரத்தைத் திருப்புகிற கம்பியான டை ராடும், சக்கரத்தை ஃபிரேமோடு பிடிக்கிற சஸ்பென்ஷன் ஆர்மும் ஒன்றுக்கொன்று பொருந்திய வளைவில் போக வேண்டும். டை ராடைத் தள்ளுகிற ஸ்டியரிங் ரேக்கின் உயரம் கொஞ்சம் தப்பினாலும் டை ராட் சக்கரத்தை இழுத்துத் திருப்பிவிடும். கம்பெனிக் காரில் இதை என்ஜினியர்கள் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். பல வண்டியின் பாகங்களை எடுத்து ஒரு ஃபிரேமில் மாட்டும்போது அந்தக் கணக்கு செத்துப்போகும்.

இதை வாங்குவதற்கு முன்பே பார்க்க முடியும். முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கை நேராகக் கட்டிவையுங்கள். சக்கரம் இருக்கும் இடத்தில் ஒரு நீளமான நேர்ப்பலகையை ஹப்போடு (சக்கரம் பூட்டுகிற நடுப்பாகம்) போல்ட் போட்டு, ஜாக்கியால் ஆர்மைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பலகையின் முன் முனையும் பின் முனையும் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு தடவையும் டேப்பில் அளந்து எழுதுங்கள். என் வண்டியில் சக்கரம் 50 மி.மீ. ஏறுவதற்குள் வித்தியாசம் 11 மி.மீ. வந்தது. கணபதியில் ஒரு லேத் பட்டறை அண்ணன் ரேக்குக்கு அடியில் வைக்க 18 மி.மீ. பேக்கிங் கடைந்து கொடுத்தார். அதற்கப்புறம் 2 மி.மீ.க்குள் வந்தது. அந்த மனுஷர் காரே ஓட்டத் தெரியாதவர். ஆனால் வேலையை நிறுத்தி, ஒரு மதியம் முழுக்க என்னோடு மல்லாந்து படுத்து அளந்தார்.

அவர்தான் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். எஸ்டீம் முன் சக்கரம் இழுக்கிற கார். அதன் ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பது, சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டான டிரைவ் ஷாஃப்டின் வெளிமுனையும் அதன் நட்டும்தான். பின் சக்கரம் ஓட்டுகிற வண்டியில் முன்னால் டிரைவ் ஷாஃப்ட் இருக்காது. அப்போது ஷாஃப்டின் அந்த வெளிமுனையை மட்டும் வெட்டி எடுத்து உள்ளே வைத்து முறையான அளவுக்கு முறுக்க வேண்டும். என் வண்டியில் சாதா இரும்பில் கடைந்த ஒரு போல்ட் இருந்தது, அதுவும் லேசாக நீண்டுபோயிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள்ல சக்கரம் தனியாப் போயிருக்குமுங்க" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து வயசு மகனை அதில் உட்காரவைத்து ஊர்கோலம் போயிருக்கிறேன்.

பிரேக் அடுத்தது. மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரைக் கட்டியவர் எடுத்துவிட்டார், இடம் இல்லை என்று. ஆனால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பழையதே. பெடலை மிதித்தால் கல். அதைவிட மோசம், அழுத்தி மிதித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டது. பின் டிரம் ஜிப்ஸியின் எடைக்குச் செய்தது. இந்த வண்டியோ அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி நேராக நிற்காது, சுற்றும். சின்ன மாஸ்டர் சிலிண்டர், பெடலின் நெம்புகோல் நீளத்தில் மாற்றம், பின்னுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்து வைக்க ஒரு வால்வு என்று 40,000 ஆனது. வாங்கும் முன் ஆளில்லாத மண் ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் நன்றாக மிதித்துப் பாருங்கள், ஒருவர் பக்கத்தில் நின்று எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்க்கட்டும். விற்கிறவர் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

சூடு, மழை, ஸ்பீடு பிரேக்கர் பற்றியெல்லாம் நீட்ட வேண்டாம். சித்திரை மாசத்தில் அவிநாசி ரோடு சிக்னலில் மாட்டினால் ரேடியேட்டர் கொதிக்கும், ஓரத்துச் சைலன்சர் காலைச் சுடும், மழையில் நனைய வேண்டியதுதான். இதெல்லாம் தெரிந்தே வாங்குகிறோம். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் 18,000 கொடுத்தேன், சரியாயிற்று. ஒயரிங் மட்டும் கவனம். என் வண்டியில் எல்லா ஒயரும் ஒரே நிறம். எரிந்து புகைந்த பிறகு முழுக்கப் புதிதாக இழுக்க 25,000.

ஃபைபரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வாங்குகிறவர்கள் முதலில் மயங்குவது பெயிண்டில்தான். நல்ல ஃபைபர் பாடி என்றால் அச்சுக்குள் முதலில் வெளிப்பூச்சான ஜெல் கோட், அதன் மேல் கண்ணாடி நார் விரிப்பும் ரெசினும் அடுக்கடுக்காக ரோலர் போட்டுக் காற்றில்லாமல் உருட்டியிருப்பார்கள். நம் ஊர் வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும். அவசரப்பட்டால் உள்ளே காற்றுக் குமிழி நின்றுபோகும். ஆறு மாதம் வெயிலில் நின்றதும் அந்த இடத்தில் சிலந்தி வலை விரிசல் எழும். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் பாடி முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் திடீரென்று பொத்தென்று மாறும் இடத்தில் குமிழி இருக்கும், இல்லையென்றால் பள்ளத்தை நிரப்பிய பட்டி (புட்டி) இருக்கும். மட்கார்டுக்கு உள்பக்கம் கை விட்டுத் தடவுங்கள். நார் குத்தினால் வேலை சுத்தமில்லை. என் மட்கார்டில் ஒரு விரல் கனத்துக்குப் பட்டி இருந்தது. சுரண்டித் திரும்பச் செய்து பெயிண்ட் அடிக்க 52,000.

இப்படி ஒவ்வொன்றாகச் சரி செய்ததில் வண்டி நல்ல வண்டி ஆயிற்று. முன் சஸ்பென்ஷனுக்கும் ஸ்டியரிங்குக்கும் மட்டும் 95,000, ரெக்கவரி வண்டி வாடகை 30,000. எல்லாம் சேர்த்து 2.6 லட்சம். பணம் போனாலும் கற்றுக்கொண்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். கொரோனா வந்தது, யூனிட் பாதி மூடிக் கிடந்தது, வண்டி வேலைதான் அப்போது எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது. அதற்கப்புறம்தான் பெரிய அடி.

ஆர்.சி.யின்படி அது 2006 ஜூன் மாசம் பதிவான ஜிப்ஸி. தனியார் காருக்கு 15 வருஷம், அப்புறம் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்கு வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். கொரோனாவால் மத்திய அரசு பேப்பர்களுக்கெல்லாம் 2021 அக்டோபர் 31 வரை அவகாசம் கொடுத்திருந்தது. அது முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். விற்றவர் "பேப்பர் கிளியரா இருக்குதுங்க, பேரு மாத்தியாச்சு, பயப்படாதீங்க" என்று சொல்லியிருந்தார். பேர் மாற்றம் நடந்தது உண்மை. அதற்கு வண்டியை யாரும் கேட்கவில்லை. எஃப்.சி.க்கு வண்டியைப் பார்ப்பார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் ஆர்.சி.யைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "ஏனுங்க, இதுல ஜிப்ஸின்னு போட்டிருக்குது. ஜிப்ஸி எங்கீங்க?" என்று கேட்டார். கோபமே இல்லை அவர் குரலில். சேஸ் நம்பர் எங்கே என்று கேட்டு, குனிந்து, காகிதம் வைத்துப் பென்சில் போட்டு பிரிண்ட் எடுத்தார். எடுத்தவர் அந்த இடத்தை விரலால் தடவினார். நம்பர் அடித்த தகட்டைச் சுற்றி நாலு பக்கமும் வெல்டிங் மேடு. மேலே கருப்பு பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். ஜிப்ஸியின் சேஸிலிருந்து அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து, புது ஃபிரேமில் ஒட்டவைத்து, மீதி ஜிப்ஸியைக் காயலான் கடைக்குப் போட்டிருக்கிறார் கட்டியவர். எஃப்.சி.க்கு வந்த மற்ற வண்டிக்காரர்கள் சுற்றி நின்று போனில் படம் எடுத்தார்கள். திருட்டு வண்டியோடு பிடிபட்டவனைப் பார்க்கிற பார்வை அது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

சட்டம் என்ன என்று அப்புறம் ஒரு வக்கீல் உட்கார்ந்து விளக்கினார். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரித்த கம்பெனி குறித்துக் கொடுத்த, ஆர்.சி.யில் இருக்கிற அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து போன வழக்கில் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் பிரிவு 182ஏ வந்தது: அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சேஸ் நம்பரை வெட்டி ஒட்டுவது அதற்கும் மேலே போய் போலீஸ் சங்கதி ஆகிவிடும். இங்கிலாந்தில் வீட்டில் கட்டிய ஒரே ஒரு காரைக்கூட அரசாங்கமே பரிசோதித்துப் பதிவு செய்கிறது. அமெரிக்காவில் 2015ல் சட்டம் போட்டு, சின்ன கம்பெனி வருஷத்துக்கு 325 ரெப்ளிகா வரை விற்கலாம் என்று வழி வைத்தார்கள். இங்கே தனி ஆளுக்கு அப்படி நடைமுறையில் வழி இல்லை. புதிதாக வண்டி தயாரித்தால் பூனாவில் இருப்பதுபோன்ற அங்கீகாரச் சோதனை மையத்தில் மாதிரி வண்டியைக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். அது கம்பெனிகளால் ஆகிற காரியம். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து "அங்கே பண்ணுறாங்களே" என்று நினைப்பவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் பார்ப்பதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. பாதுகாப்பாகக் கட்டியவனுக்கு ஒரு சோதனை வாசல் நம் நாட்டிலும் இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். ஆனால் அது வரும் வரை இருக்கிற சட்டம்தான் சட்டம்.

அதற்கப்புறம் நடந்தது முழுக்க அலைச்சல். ஜிப்ஸி திருட்டு வண்டி இல்லை என்று காட்ட, உடுமலைப்பேட்டையில் முதல் உரிமையாளரைத் தேடிப் பிடித்து எழுதி வாங்கினேன். அவர் நல்ல மனுஷர், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, "அந்த வண்டியில எங்க அப்பாரு தோட்டத்துக்குப் போவாருங்க" என்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. போலீஸ் ஸ்டேஷன், வக்கீல், அபராதம் எல்லாம் சேர்த்து 40,000. விற்றவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். வழக்குப் போடலாம் என்றார் வக்கீல். 'உள்ள நிலையில் பார்த்து வாங்கிக்கொண்டேன்' என்று நான் கையெழுத்துப் போட்டிருந்த ஒப்பந்தம் குறுக்கே நின்றது. கடைசியில் ஆர்.சி.யை ஒப்படைத்து, பதிவை ரத்து செய்துகொண்டேன். இன்ஸ்பெக்டர்தான் அந்த வழியைச் சொன்னார். வீட்டில் சம்சாரம் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

இன்சூரன்ஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் ஜிப்ஸி என்று பிரீமியம் கட்டி வந்தேன், வாங்கிக்கொண்டார்கள். ஒரு தடவை மட்கார்டு உடைந்து கிளெய்ம் போட்டபோது சர்வேயர் படத்தைப் பார்த்தார், நிராகரித்தார். எனக்கு நஷ்டம் சில ஆயிரம்தான். யார் மேலாவது மோதியிருந்தால்? அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

ஆகவே பேப்பர் பார்க்கும் முறை இது. ஆர்.சி.யில் வண்டி வகை, பாடி வகை, சீட் எண்ணிக்கை, காலி எடை, வீல் பேஸ் எல்லாம் இருக்கும். ஜிப்ஸியின் வீல் பேஸ் 2,375 மி.மீ. முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவுக்கு ஒரு டேப் பிடித்தாலே போதும். என் வண்டியில் 2,270 இருந்தது. எடைக்கு எந்த லாரி எடை மேடையிலும் ஏற்றலாம். நான் சூலூர்ப் பக்கம் ஏற்றினேன். முழு வண்டி ஒரு தடவை, முன் சக்கரம் மட்டும் மேடையில் ஒரு தடவை. பிரேக் வால்வு வைக்கவும் அந்தக் கணக்கு உதவியது. பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். 15 வருஷம் முடிய ஒன்றிரண்டு வருஷம் இருக்கும்போது ரெப்ளிகா விற்பனைக்கு வந்தால், ஏன் இப்போது விற்கிறார் என்பதற்குப் பதில் அதிலேயே இருக்கிறது. சேஸ் நம்பரைத் தின்னர் போட்டுத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோண்டா காரின் மேல் லம்போர்கினி பாடி மாட்டியதாக இருந்தாலும் இதே சட்டம்தான். அந்த வகையில் சேஸ் அசலாக இருக்கும், ஆனால் பாடி ஆர்.சி.யோடு ஒத்துப்போகாது. அதில் லம்போர்கினியின் காளை பேட்ஜையும் ஒட்டி விற்கிறார்கள். அடுத்த கம்பெனியின் பேரை ஒட்டுவது எனக்குச் சம்மதமே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டியை நான் விற்கவில்லை. இப்போது அது டிராக்குக்கு மட்டும். செட்டிபாளையத்தில் டிராக் நாள் நடத்துகிறவர்களிடம் இடம் வாங்கி, ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன். வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கிற ரோல் பார் போட்டாயிற்று, பெல்ட் போட்டாயிற்று, ஹெல்மெட் இல்லாமல் உட்காருவதில்லை. எதிரே லாரி வராது, ஆடு மாடு குறுக்கே வராது, யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். இந்த வண்டி எதற்காகப் பிறந்ததோ அதை அங்கேதான் செய்கிறது. நரை விழுந்த வயசில் நான் கத்திக்கொண்டே வளைவில் திரும்புவதைப் பார்த்து மகன் சிரிக்கிறான். கிட் கார் ஆசை இருக்கிறவர்கள் தொடக்கத்திலிருந்தே இதற்கென்று வாங்கினால், பாதிப் பணமும் முழு நிம்மதியும் மிஞ்சும். ரோட்டில்தான் ஓட்ட வேண்டும் என்றால் கம்பெனியில் செய்த பழைய கார் ஒன்றை, அசல் ஆர்.சி.யோடு வாங்கி, அசலாகவே புதுப்பியுங்கள்.

புதிதாகக் கட்டச் சொல்கிறவர்கள் மொத்தப் பணத்தையும் முன்னாலே கொடுக்காதீர்கள். ஃபிரேம் முடிந்ததும் ஒரு பங்கு, சக்கரத்தில் நின்றதும் ஒரு பங்கு, இன்ஜின் ஓடியதும் ஒரு பங்கு என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தகடு மூடுவதற்கு முன் ஃபிரேமின் ஒவ்வொரு மூட்டையும் படம் எடுத்து வையுங்கள். எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது, எந்த வருஷ மாடல் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். என் வண்டிக்கு அந்த நோட்டு இல்லாததால், கிளட்ச் கேபிள் அறுந்தபோது ஒரு கேபிளுக்காக ஸ்பேர் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

கட்டி முடித்த வண்டியை வாங்குவதாக இருந்தால் விலை போட எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான். இன்ஜின், கியர் பாக்ஸ், ஆக்சில், சக்கரம், சீட் இவற்றைத் தனித்தனியாகப் பழைய ஸ்பேர் விலைக்குக் கூட்டுங்கள். ஃபிரேமுக்கு வெல்டிங் கூலி, ஃபைபருக்கு அச்சு இருந்தால் மட்டும் கொஞ்சம். பெயிண்டுக்கும் பேருக்கும் ஒன்றும் இல்லை, ஆர்.சி.க்கு ஒன்றுமே இல்லை. என் வண்டியை அப்படிக் கூட்டினால் இன்றைக்கு 2.25 லட்சம் வருகிறது. சித்தப்பா மகனிடம் இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். அட்வான்ஸை நிறுத்திவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை கரூர் போகிறோம், டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு.